அதே ஆடு

"ஆறு வாரம்," என்றார் தொண்டை டாக்டர். "ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது. அது இன்னும் மோசம்."

போதகர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டாக்டர் விரலை உயர்த்தினார். வாய் மூடிக்கொண்டது.

பக்கத்து நாற்காலியிலிருந்த மனைவி, கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டு கேட்டாள்: "எட்டு வாரமா எழுதித் தர முடியுமா டாக்டர்?"

குரல்வளையில் இரண்டு முடிச்சுகள், கடுகளவு. இருபத்தொன்பது வருடம் ஒரே சபையில் பிரசங்கம் செய்தது, மைக் கெட்டுப்போன ஞாயிறுகளில் கூரை அதிரப் பாடியது, கல்லறைத் தோட்டத்தில் காற்றோடு போட்டி போட்டு ஜெபித்தது, எல்லாம் சேர்ந்து போட்ட முடிச்சு. பேசாமல் இருந்தால் கரைந்துவிடும். பேசினால் கத்தி வைக்க வேண்டியதுதான்.

திரும்பும் வழியில் மனைவி ஒரு சிலேட்டும் ஒரு டப்பா குச்சியும் வாங்கினாள். அறுபத்தெட்டு வயதில் போதகர் மறுபடி அரிச்சுவடிக்கு வந்து சேர்ந்தார். பஸ்ஸில் உட்கார்ந்ததுமே எழுதினார்.

'ஞாயிறு?'

"சின்னவர் இருக்காரே."

'ஆறு ஞாயிறுமா?'

"ஆறும் அவர்தான். வேற யாரு, நானா?"

'அவர் தாங்குவாரா?' என்று எழுதிக் காட்டுவதற்குள் மனைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குச் சிலேட்டு தெரியாது. முப்பத்தேழு வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒரு வாக்குவாதம் இவ்வளவு சுலபமாக முடிந்ததே இல்லை.

சின்னவர் என்பது உதவிப் போதகர். சபைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. முப்பத்தாறு வயது, ஒல்லி. படியேறும்போது ஒரு படியை விட்டு ஒரு படி தாண்டுவார். இந்த நான்கு வருடத்தில் காலை ஆராதனையில் அவர் பிரசங்கம் செய்த நாட்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். சபைக் கமிட்டியின் செயலாளர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், இரண்டு தடவை போதகரிடம் பக்குவமாகக் கேட்டுப் பார்த்தார்: "ஐயா, பொறுப்பைச் சின்னவர்கிட்ட எப்போ ஒப்படைக்கிறதா உத்தேசம்?" இரண்டு தடவையும் ஒரே பதில்தான் வந்தது. "கர்த்தர் சொல்லட்டும், அடுத்த நிமிஷம் இறங்கறேன்." இதற்கு மேல் செயலாளர் என்ன கேட்பார்? கர்த்தர் கமிட்டிக் கூட்டத்துக்கு வருவதில்லை.

முதல் ஞாயிறு எங்கே உட்காருவது என்பதே பிரச்சினையாகிவிட்டது. போதகர் முன்வரிசையைக் காட்டினார்.

"வேணாங்க," என்றாள் மனைவி. "நீங்க மூக்குக்கு நேரா உட்கார்ந்து முறைச்சா அந்தப் பிள்ளைக்கு நாக்கு மேலே ஒட்டிக்கும். பின்னால போய் உட்காருங்க. நான் பாட்டுக்குழு பக்கம் இருக்கேன்."

'நான் முறைக்க மாட்டேன்.'

"இப்பவே முறைச்சுக்கிட்டுதான் எழுதறீங்க."

கடைசி வரிசையில் தையல்காரர் இருந்தார். முழங்கால் மடங்காது என்பதால் ஒரு காலை முன்பெஞ்சுக்கு அடியில் நீட்டிக்கொண்டு உட்காருவார். அவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி. இந்தப் பக்கம் போதகருக்கு இடம் கிடைத்தது.

இருபத்தொன்பது வருடமாக இந்தக் கூட்டத்தின் முகங்களை மட்டுமே பார்த்தவருக்கு, முதுகுகள் புதிதாக இருந்தன. யாருக்கு எப்போது தலை நரைத்தது என்பது பின்னாலிருந்துதான் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அவர் பிரசங்கம் செய்யும்போது சிலர் அடிக்கடி பின்பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். நேரம் கழித்து வருகிறவர்களைத்தான் பார்க்கிறார்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தார். இப்போது அண்ணாந்து பார்த்தார். அவர் தலைக்கு நேர் மேலே, சுவரில், கடிகாரம்.

சின்னவர் பிரசங்கம் ஆரம்பித்தார். ஒலிபெருக்கி இரண்டும் முன்பக்கத் தூண்களில் இருந்ததால், பின்வரிசைக்கு வரும்போது பேச்சு பாதி எதிரொலியாக இருந்தது. போதகர் காதைத் தீட்டிக்கொண்டார். அப்போதுதான் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு. தையல்காரர் மனைவியின் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தார்.

போதகருக்கு ரத்தம் கொதித்தது. இந்த மனிதர் பிரசங்க நேரத்தில் பேசுவதை மேடையிலிருந்து பல வருடமாகப் பார்த்திருக்கிறார். ஒரு தடவை தாங்க முடியாமல், ஆலயத்தில் வாயாடுகிறவர்களைப் பற்றியே அரைமணி நேரம், இவரை நேராகப் பார்த்து முழங்கியும் இருக்கிறார். சிலேட்டை எடுத்தார்.

'என்ன பேச்சு?'

"இவளுக்குச் சொல்றேங்கய்யா," என்றார் தையல்காரர், குரலைத் தாழ்த்தி. "ஒரு காது சுத்தமா போச்சு. இன்னொண்ணு அரைக் காது. நான்தான் பிரசங்கத்தைக் காதுல போடணும். முழுசா சொல்ல முடியுமா? சாரத்தை மட்டும் வெட்டித் தருவேன். வெட்டறது தானே நம்ம தொழில்."

குச்சி மெதுவாக எழுதியது: 'அன்று திட்டினேனே?'

"ஆமாங்கய்யா. அன்னைக்கும் சொன்னேன். யாரோ கோயில்ல பேசறாங்களாம், ஐயா ரொம்பக் கோவமா இருக்கார்னு. இவளும், யாரு அந்தப் பிறவின்னு கேட்டா."

போதகர் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பில் பெஞ்சு குலுங்கியது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்து முறைத்தாள்.

இரண்டாவது, மூன்றாவது ஞாயிறுகள் ஓடின. போதகர் மூன்று முழுப் பிரசங்கங்கள் கேட்டார். நன்றாகவே இருந்தன. அது அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும், படுத்தவும் செய்தது. ஆனால் செருப்புக்குள் சின்னக் கல் மாதிரி ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டேயிருந்தது. மூன்றாவது ஞாயிறு கடிகாரத்தைப் பார்க்கத் திரும்பியவர்கள் இரண்டே பேர்.

மறுநாள் திங்கள். சபை வீடுகளுக்குப் போவது அவருடைய திங்கள்கிழமைப் பழக்கம். பேச முடியாவிட்டால் என்ன, முகத்தைக் காட்டலாம் அல்லவா? தையல்காரர் கடைக்குப் போனார்.

கடை ஒரே அறைதான். வாசல் பக்கம் வெட்டும் மேஜை. தையல்காரர் வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு கோட்டுக் கைக்கு அளவு பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே, வாசலுக்கு முதுகைக் காட்டி, மனைவி ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். காது மந்தமானவர்கள் எப்போதும் பேசுவது போல, தெருக்கோடி வரை கேட்கும் குரலில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். போதகர் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை. கேட்கும்படி எதுவும் சொல்ல அவராலும் முடியாது.

"சின்னவர் பிரசங்கம்னா எனக்கு நிறையக் கிடைக்குதுங்க. ஏழு வரி, எட்டு வரி சொல்றீங்க. வீட்டுக்கு வந்து யோசிக்கவே வேலை இருக்கு. நம்ம ஐயா பிரசங்கம் இப்பல்லாம் ரெண்டே வரிதான் வருது."

தையல்காரர் வாயில் ஊசி. "ம்! ம்!" என்று மேஜையைத் தட்டினார். அவளுக்குத் தட்டுவதும் கேட்கவில்லை.

"என்ன சொன்னார்னு கேட்டா 'அதே ஆடு'ன்னுட்டு நிறுத்திடறீங்க. காணாமப் போன ஆடு. எத்தனை தடவைங்க அது காணாமப் போகும்? பாவம், கட்டிப் போடக் கூடாதா? முதல் பத்துப் பதினஞ்சு வருஷம் இப்படியா இருந்தது? ஒரு வரி விட மாட்டீங்க. சொல்லிச் சொல்லி உங்களுக்கே மூச்சு வாங்கும். நான் அழுதிருக்கேன்."

தையல்காரர் ஊசிகளைத் துப்பினார். எழுந்திருக்க முழங்கால் விடவில்லை.

"சின்னவருக்கு வேற சபையில இருந்து லெட்டர் வந்திருக்காமே. இந்த ஆறு ஞாயிறு முடிஞ்ச மறுநாள் பதில் போடணுமாம். ஐயா மேடைக்குத் திரும்பிட்டா இவர் கிளம்பிடுவார். வேற என்ன செய்வார், இங்கே நாலு வருஷமா நாற்காலி தூக்கிப் போட்டுக்கிட்டிருக்கார். ஐயாகிட்ட இதை யாரு சொல்றது? பூனைக்கு யார் மணி கட்டறது?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத் திரும்பினாள். பூனை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"ஐயய்யோ, ஐயா!"

அவள்தான் சமாளித்தாள். சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆட்டுல ஒண்ணும் குறையில்லைங்கய்யா. நல்ல ஆடுதான்."

போதகர் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். தையல்காரர் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பிரசங்கக் குறிப்புகள் இருந்த தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். ஒவ்வொரு குறிப்பின் மூலையிலும், பிரசங்கம் செய்த தேதியை எழுதி வைப்பது அவர் வழக்கம். ஆட்டுப் பிரசங்கத்தின் மூலையில் தேதிகள் எறும்பு வரிசையாக இறங்கின. கடைசி நாலு வருடத்தில் மட்டும் பதினொன்று. கடைசியாகப் புதுக் குறிப்பு எப்போது எழுதினோம் என்று தேடினார். தேடிக்கொண்டேயிருந்தார்.

மனைவி வாசல்படியில் நின்றாள். அவர் சிலேட்டை நீட்டினார்.

'நாலு வருடத்தில் பதினொரு ஆடு. உனக்குத் தெரியுமா?'

கண்ணாடியை இந்த முறை அவளாகவே மாட்டிக்கொண்டாள். "பதினொண்ணும் கேட்டவ நான்தானே? நல்லாத்தாங்க இருந்தது. ஆனா கடைசியில ஆடு கிடைச்சிடும்னு முன்னாலயே தெரிஞ்சிடுது, அதான்…"

'லெட்டர்?'

"அதுவும் தெரியும்."

'ஏன் சொல்லவில்லை?'

"சொன்னா பேசியிருப்பீங்க. இப்பதான் கேட்கிற நிலைமையில இருக்கீங்க."

அவர் அழித்தார். பிறகு எழுதியது சின்ன எழுத்தாக இருந்தது. அவள் கிட்டே வந்து குனிந்து படித்தாள்.

'இறங்கிவிட்டால் திங்கட்கிழமை காலையில் நான் யார்?'

"என் வீட்டுக்காரர்," என்றாள் அவள். "அந்த வேலை இருபத்தொன்பது வருஷமா காலியாத்தான் இருக்கு."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கொஞ்சம் பொறுத்துவிட்டு, பொறுக்க முடியாமல் சொன்னாள்: "ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்து வெச்சிருக்கேன். ரெண்டு ரூம். சபை வீட்டை எப்படியும் அடுத்தவருக்குக் காலி பண்ணணும் இல்ல? துணி காயப்போடக் கயிறு கூடக் கட்டிட்டேன்."

'எப்போது?'

"போன வருஷம்."

ஆறாவது வாரம் வியாழக்கிழமை டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். "முடிச்சு கரைஞ்சு போச்சு. மைக்ல பேசலாம், சத்தம் போடக் கூடாது. எங்கே, ஏதாவது சொல்லுங்க, கேட்போம்."

போதகர் மனைவி பக்கம் திரும்பினார்.

"போதும்," என்றார்.

"என்ன சார் போதும்? இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்றார் டாக்டர். மனைவி கைப்பைக்குள் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

குரல் வந்த செய்தியைக் காதும் காதும் வைத்த மாதிரி வைத்திருந்தார்கள். ஆறாவது ஞாயிறு போதகர் சிலேட்டோடு அதே கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சின்னவர் பிரசங்கம் செய்தார். இதுவே தன் கடைசி முறை என்று தெரிந்தவர் போல எல்லோரையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு முடித்தார். அறிவிப்பு நேரம் வந்தது. செயலாளர் எழுந்தார்.

"அடுத்த ஞாயிறு முதல் நம் ஐயா மீண்டும்…"

கைதட்டல் எழுந்தது. பாசமான, சொந்தக் கைதட்டல். பாட்டுக்குழுவில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். சின்னவரும் தட்டினார். இந்தச் சத்தத்துக்காகத்தானே இத்தனை வருடம் இறங்கவில்லை என்று போதகருக்கு அப்போது புரிந்தது. எழுந்து நின்றார்.

"ஒரு நிமிஷம்," என்றார்.

கடைசி வரிசையில் மட்டும் கேட்டது. ஆறு வாரத் தூக்கத்திலிருந்து எழுந்த குரல், மெல்லிய நூல் மாதிரி இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். கடிகாரத்தைப் பார்க்க அல்ல.

"என்ன? ஐயா பேசறாரா? என்ன சொல்றார்?" என்று முன்வரிசைகளில் கேட்டார்கள்.

"ஐயா, மேடைக்கு வாங்க, மைக் இருக்கு," என்று செயலாளர் கூப்பிட்டார்.

போதகர் வேண்டாம் என்று தலையசைத்தார். பேச ஆரம்பித்தார். இந்தச் சபைக்கு வந்த நாளைப் பற்றி, ஒழுகிய கூரையைப் பற்றி, ஞானஸ்நானம் கொடுத்த குழந்தைகளுக்கே கல்யாணம் செய்து வைத்ததைப் பற்றி, சின்னவரின் பொறுமையைப் பற்றி, தனக்கு எப்போதோ கேட்டிருக்க வேண்டிய ஒரு குரலைப் பற்றி. பின்னாலிருந்து நாலாவது வரிசைக்கு அப்பால் ஓர் எழுத்து போகவில்லை. முன்னால் ஒரே சலசலப்பு.

தையல்காரர் பெஞ்சைப் பிடித்து, மடங்காத காலை ஊன்றி, எழுந்து நின்றார். அவருக்குக் கணீரென்ற குரல்.

"ஐயா இனிமே இங்கேதான் உட்காருவாராம்! சின்னவர் அங்கேயே நிக்கணுமாம்!"

"அவ்வளவுதானா?" என்றார் போதகர் திகைத்து. "நான் அவ்வளவு நேரம் பேசினேனே!"

"சாரம் வந்துடுச்சுங்கய்யா."

சபை சிரித்தது. ஆனால் செயலாளர் விடவில்லை. "ஐயா, இது முறையா? மேடைக்கு வந்து, மைக்ல, நாலு வார்த்தை சொல்லிட்டு இறங்குங்க."

"மேடைக்கு வந்தா இறங்க மாட்டேன்," என்றார் போதகர். "என்னை எனக்குத் தெரியும். அதனாலதான் இங்கேருந்தே சொல்றேன்."

தையல்காரர் அதை ஓர் எழுத்துக்கூட வெட்டாமல் அப்படியே சொன்னார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் சின்னவர் கடைசி வரிசைக்கு வந்தார். பாட்டுப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு கடிதத்தின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, நாளைக்கு நான் இதுக்குப் பதில் போடணும். போறதுக்கு மனசு இல்லை. ஆனா ஒண்ணே ஒண்ணு கேட்கணும். நாளைக்கு யாராவது உங்க வீட்டுக்கு வந்து, 'அந்தப் பையனுக்கு ஒண்ணும் தெரியலை, நீங்களே வந்து ஜெபம் பண்ணுங்க'ன்னு கேட்டா?"

போதகர் யோசித்தார். சிலேட்டை எடுத்து எழுதினார்: 'எனக்குத் தொண்டை சரியில்லை.'

"ஊழியக்காரர் பொய் எழுதலாமா?" என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி.

அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: 'பாஸ்டர் வீடு இரண்டு தெரு தள்ளி.' கீழே ஓர் அம்புக்குறியும் போட்டார். "வாசல்ல மாட்டிடறேன்," என்றார்.

சின்னவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் அவர் போட்ட பதில் இரண்டு வரிதான். வர இயலாது, மன்னிக்கவும்.

புது வீட்டுக்குக் குடிபோன இரண்டாவது வாரமே சோதனை வந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவரும் மனைவியும் கைக்குழந்தையோடு வந்தார்கள். அந்த வேன் டிரைவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் போதகர். கல்யாணமும் செய்து வைத்தவர்.

"ஐயா, என் பிள்ளைக்கும் உங்க கைதான் வேணும். சின்னவர் கோவிச்சுக்க மாட்டார், நான் பேசிக்கறேன்."

குழந்தை போதகரின் விரலைப் பிடித்துக்கொண்டது. அவர் அதைக் கொஞ்சினார், தூக்கினார், மூக்கோடு மூக்கு உரசினார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலில் தொங்கிய சிலேட்டைக் காட்டினார்.

"ஐயா…"

"நான் வந்து பார்ப்பேன்ப்பா. முதல் ஆளா வருவேன். தண்ணி தொடறது அவர் கை."

அவர்கள் போன பிறகு வெகுநேரம் நாற்காலியிலேயே இருந்தார். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு கடைசி வரிசையில் தையல்காரர் இல்லை. முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். அவர் மனைவி மட்டும் தனியாக, மேடையைப் பார்த்து விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவரின் உதடு அசைவதுதான் அவளுக்குப் பிரசங்கம்.

போதகர் நகர்ந்து அவளுடைய அரைக் காதுப் பக்கம் உட்கார்ந்தார். குனிந்து சொல்ல ஆரம்பித்தார். சின்னவர் ஒன்று சொன்னார். போதகர் அதைச் சொன்னார். அதற்கு ஓர் உதாரணமும் சேர்த்தார். உதாரணத்துக்கு ஒரு விளக்கம் சொன்னார். விளக்கத்தைத் தெளிவுபடுத்தக் கூரை ஒழுகிய காலத்துச் சம்பவம் ஒன்றைத் தொட்டார்.

தையல்காரர் மனைவி பொறுத்துப் பார்த்தாள். பிறகு, கோயில் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னாள்:

"ஐயா, நீட்டாதீங்க! அவர் என்ன சொல்றார், அதை மட்டும் சொல்லுங்க!"

சபை மொத்தமும் திரும்பியது. மேடையில் சின்னவர் பேச்சை நிறுத்திவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் டம்ளரை எடுத்தார். பாட்டுக்குழுப் பக்கம் இருந்த மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

போதகர் இரண்டு கைகளையும் தூக்கிச் சரணடைந்தார்.

"சரிம்மா," என்றார். சின்னவர் மறுபடி பேசத் தொடங்கினார். போதகர் காதைக் கூராக்கிக்கொண்டு முழுசாகக் கேட்டார். அப்புறம் குனிந்து, ஒரே ஒரு வரி சொன்னார்.

அவள் தலையாட்டினாள். "ம். இது போதும். அப்புறம்?"